டிசம்பர் இதழுக்கு அக்டோபரில் எழுதிய சாட்சி

கிறிஸ்தவ எழுத்தாளர்களாக வர விரும்புகிறவர்களுக்கு ஓசூரில் ஒருநாள் கூட்டம் நடத்துகிறார்கள். அதையொட்டி ஒரு மலர் போடுகிறார்களாம். விசுவாசம், திட்டமிடல், ஒழுங்கு என்று மூன்று தலைப்பு. அனுபவம் உள்ளவர் எழுத வேண்டும் என்று என்னைத் தேடி வந்தார்கள். நான் வேலை பார்த்த பத்திரிகையில் அனுபவம் உள்ளவர்களில், ஆசிரியராக இருந்த டீச்சர் காலமாகிவிட்டார். அச்சகக்காரரும் இல்லை. மற்றவர்கள் பிள்ளைகளோடு வெளிநாட்டில் இருக்கிறார்கள். மிச்சம் நான்.

கேட்க வந்த பெண், "மூணுல எதப் பத்தி எழுதினாலும் சரிங்க ஐயா" என்றாள். அவள் வந்து உட்கார்ந்தபோது என் மூக்குக் கண்ணாடியைத் தேட ஆரம்பித்தேன். அவள் காபி குடித்து முடித்துக் கிளம்பும்போதும் தேடிக்கொண்டுதான் இருந்தேன். அதைப் பார்த்த பிறகும் ஒழுங்கைப் பற்றி என்னை எழுதச் சொல்கிறாள் என்றால், விசுவாசத்தைப் பற்றி அவளே எழுதலாம்.

நான் படித்தது இரண்டாம் வகுப்பு. அதிலும் பாதி வருஷம் மாட்டின் பின்னால் போய்விட்டது. கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்தபோது கம்பெனிப் பலகையைப் படிக்கத் தெரியாது. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு புங்க மரம் இருந்தது. அதுதான் எனக்கு அடையாளம். ஒருநாள் ரோட்டை அகலப்படுத்த மரத்தை வெட்டிவிட்டார்கள். அன்றைக்குப் பக்கத்துக் கம்பெனிக்குள் போய் அரை மணி நேரம் பெட்டி தூக்கினேன். சூப்பர்வைசர் கன்னடத்தில் திட்டினார். எங்கள் சூப்பர்வைசர் தெலுங்கில் திட்டுவார். அதை வைத்துத்தான் இடம் மாறி வந்துவிட்டேன் என்று தெரிந்தது.

அந்த அவமானத்துக்குப் பிறகு சபையில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டேன். அப்போது எனக்கு நாற்பதைத் தொடும் வயது. பேக்கிங் செக்‌ஷனில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தேன். இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷங்களில் ஆள் குறைத்தார்கள். விருப்ப ஓய்வு என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். யாருடைய விருப்பம் என்று நான் கேட்கவில்லை.

அப்படித்தான் ‘கிணற்றடி’ மாதப் பத்திரிகைக்கு வந்தேன். சிறிய பத்திரிகை. பாகலூர் ரோட்டில் ஒரு மாவு மில்லின் மாடியில் ஆபீஸ். கீழே மில் ஓடினால் மேலே மேஜை நடுங்கும். இதழை மடித்து, மேலே விலாசம் ஒட்டி, கட்டுக் கட்டித் தபாலாபீஸுக்குக் கொண்டுபோவது என் வேலை. எனக்குப் பொருத்தமான வேலைதான். அங்கே கம்பெனிப் பெட்டி, இங்கே கர்த்தருடைய பெட்டி.

ஆசிரியர் ரூபி டீச்சர். நாகர்கோவில்காரர். பள்ளிக்கூட வேலை முடிந்து மகனோடு ஓசூருக்கு வந்தவர். ஒல்லியான உடம்பு, கனத்த கண்ணாடி. குரலை உயர்த்தவே மாட்டார். சாதாரணமாக "பாக்கியநாதன்" என்பார். கோபம் வந்தால் "திரு. பாக்கியநாதன் அவர்களே" என்பார். எனக்கு வாழ்நாளில் மரியாதை கிடைத்ததெல்லாம் நான் தப்புச் செய்த நாட்களில்தான்.

சுவரில் ஒரு பெரிய தாள் தொங்கும். பழைய காலண்டர் தாள்களைத் திருப்பிப் போட்டு டீச்சரே ஒட்டியது. அதில் பன்னிரண்டு கட்டம். மாதத்துக்கு ஒன்று. ஈஸ்டர் இதழுக்கு யார் எழுதுவது என்று கிறிஸ்துமஸ் கேக் சாப்பிடும்போதே எழுதிவிடுவார். டிசம்பர் இதழுக்கான கட்டுரை எல்லாம் அக்டோபர் முதல் வாரம் கையில் இருக்க வேண்டும். நவம்பர் நடுவில் அச்சு. கடைசி வாரம் தபால்.

எழுத்தாளர்களுக்கு இது பிடிக்காது. கேட்டால், "ஜெபிச்சிட்டு எழுதறேன் சிஸ்டர்" என்பார்கள். ஆவியானவர் ஏவும்போது எழுதுவதைத் தேதி போட்டுக் கேட்பதா என்று ஒருவர் வருத்தப்பட்டார். டீச்சர் வாக்குவாதம் செய்யவில்லை. தன் நோட்டில் ‘வந்தது’, ‘வரவில்லை’ என்று இருந்த இரண்டு பத்திகளுக்குப் பக்கத்தில் ‘ஜெபத்தில்’ என்று மூன்றாவது பத்தி போட்டார். சில கட்டுரைகள் அந்தப் பத்தியில் இரண்டு வருஷம் இருந்தன.

சானமாவுப் பக்கம் தோட்டம் வைத்திருந்த ஒரு கவிஞர் இருந்தார். கவிதை தாமதமானால், யானை வந்துவிட்டது, ரோட்டைத் தாண்ட முடியவில்லை என்பார். அந்தப் பக்கம் யானை வருவது உண்மைதான். மூன்றாவது முறையும் அதையே சொல்லி அனுப்பியபோது டீச்சர் என்னிடம் சொன்னார்: "யானைதான் தவறாம வருது. அடுத்த மாசக் கவிதைய அதுகிட்டயே கேட்டுப் பாருங்க."

டீச்சரிடம் ஒரு வழக்கம் இருந்தது. வேறு எந்தப் பத்திரிகையிலும் இப்படி உண்டா என்று எனக்குத் தெரியாது. கட்டுரை வந்ததும் தேதி முத்திரை குத்துவார். பிறகு மில் ஓடாத மதிய நேரத்தில் என்னைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைப்பார்.

"இத வாசிங்க. அவசரம் வேண்டாம்."

நான் விரல் வைத்து வாசிப்பேன். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார், கையில் பென்சில் இருக்கும். நான் திக்கினால் கண்ணைத் திறந்து அந்த இடத்தைத் தன் பிரதியில் கோடிடுவார். ஒரே வரியில் இரண்டு தடவை திக்கினால் அந்த வரியே போய்விடும். ஒருமுறை கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு கல்லூரிப் பேராசிரியர் தன் கட்டுரை என்ன ஆனது என்று கேட்க நேரிலேயே வந்துவிட்டார். அவர் எதிரிலேயே நான் வாசித்தேன். முதல் பத்தியிலேயே ஐந்து இடத்தில் முட்டிக்கொண்டேன்.

"அவருக்கு வாசிக்க வரலன்னா அதுக்கு நானா பொறுப்பு?" என்றார் பேராசிரியர்.

"இவர மாதிரி ஆளுங்க வீட்டுக்குத்தான் சார் இது போகுது," என்றார் டீச்சர். "உங்க மாதிரி ஆளுங்க வீட்டுக்குப் போனா மேசையில கெடக்கும்."

பேராசிரியர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. பட்டம் வாங்கினவர்களின் எழுத்தை இரண்டாம் வகுப்புக்காரன் வெட்டுகிறான் என்று வெளியே பேச்சு. நான் வெட்டவில்லை, எனக்கு வாசிக்க வரவில்லை. ஆனால் அதை நான் யாரிடமும் திருத்திச் சொல்லவில்லை. நாளாக நாளாக, திக்குவதில் எனக்கு ஒரு கர்வமே வந்துவிட்டது.

கர்வம் வந்தவன் அடுத்து என்ன செய்வான். எழுத ஆரம்பிப்பான்.

அந்த வருஷம் டிசம்பர் இதழில் எட்டாம் பக்கத்துக்கு ஒரு சாட்சிக் கட்டுரை வர வேண்டும். சாட்சி என்றால், கர்த்தர் தனக்குச் செய்ததை ஒருவர் சொல்வது. நோயிலிருந்து சுகமானது, குடியை விட்டது, இப்படி. எழுதித் தருவதாகச் சொன்னவர் ‘ஜெபத்தில்’ பத்திக்குப் போய்விட்டார். டீச்சர் காலிக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் எழுதறேங்க டீச்சர்," என்றேன்.

டீச்சர் என்னைப் பார்த்தார். "யாரோட சாட்சி?"

"தேவராஜோடதுங்க. ஜூஜுவாடி தேவராஜ்."

தேவராஜ் எங்கள் கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் இருந்தவன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன். எங்கள் சபைதான். இதயத்தில் வால்வு கெட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. சபையே அவனுக்காக உபவாசம் இருந்தது. பெங்களூரில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். அது நவம்பர் முதல் வாரம். பத்து நாளில் வீட்டுக்குப் போய்விடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

டீச்சர் சாட்சிகளுக்கு ஒரு கட்டாயம் வைத்திருந்தார். யாருடைய சாட்சியோ அவர் கட்டுரையைக் கேட்டுவிட்டு அடியில் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாத சாட்சி அச்சுக்குப் போகாது.

இப்போது என் மூளை எப்படி வேலை செய்தது என்று சொல்கிறேன். கேட்டதைப் பெற்றுக்கொண்டோம் என்று விசுவாசித்து ஜெபிக்க வேண்டும் என்று பாஸ்டர் சொல்லியிருக்கிறார். இது விசுவாசம். டிசம்பருக்கானது அக்டோபரில் வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். இது திட்டமிடல். இரண்டையும் சேர்த்தேன். தேவராஜ் சுகமாகி வீட்டுக்கு நடந்து வந்ததை, அவன் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்பே எழுதினேன். நான் அதைத் தவறென்று நினைக்கவில்லை. டீச்சரைவிட ஒரு படி மேலே திட்டமிட்டுவிட்டேன் என்று நினைத்தேன்.

நாலு நாள் மாலையில் நோட்டோடு அவன் வீட்டுக்குப் போனேன். கார்மெண்ட்ஸில் தையல் வேலை பார்க்கும் அவன் மனைவி ஸ்டெல்லா இன்னும் வந்திருக்க மாட்டாள். அவன் கட்டிலில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்திருப்பான். ஐந்தாம் நாள் முழுதாக வாசித்துக் காட்டினேன். கடைசிப் பத்தியில் அவன் வாசலில் மண்டியிட்டு, கைகளை உயர்த்தி, கிருபையைப் பற்றிப் பதினைந்து வரி பேசுகிறான்.

தேவராஜ் கேட்டுவிட்டுச் சிரித்தான். சிரித்ததில் மூச்சு வாங்கியது.

"இன்னாண்ணா, நான் இன்னும் ஆபரேஷனுக்கே போவல. நீ ஊட்டுக்கே கூட்டிக்கினு வந்துட்ட."

"டிசம்பர் பொஸ்தகத்துக்கு இப்பவே குடுக்கணும்டா. அது வெளிய வர்றதுக்குள்ள நீ வந்துடுவ. விசுவாசத்துல எழுதினது."

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். ஹைவேயில் லாரிகள் அத்திப்பள்ளிப் பக்கம் போய்க்கொண்டிருந்தன.

"நான் வரலன்னா?"

"அப்படிலாம் பேசக்கூடாது. வாய மூடிக்கினு இரு."

"சரி, குடு," என்றான். "கையெழுத்துப் போட்டுட்டா அப்புறம் வராம இருக்க முடியாது பாரு."

போட்டான்.

மறுநாள் டீச்சர் என்னை எதிரில் உட்கார வைத்து வாசிக்கச் சொன்னார். நான் எழுதியது, எனக்கு மனப்பாடம். ஓர் இடத்திலும் திக்காமல் கடகடவென்று வாசித்தேன். டீச்சரின் பென்சில் அசையவே இல்லை. அத்தனை வருஷத்தில் நான் திக்காமல் வாசித்த ஒரே கட்டுரை அதுதான்.

"ஆபரேஷன் முடிஞ்சிட்டுதா? சொல்லவே இல்லியே," என்றார்.

"கையெழுத்து இருக்குதுங்களே டீச்சர்," என்றேன்.

அவர் கேட்டது ஒன்று, நான் சொன்னது ஒன்று. அவர் தாளைத் திருப்பிக் கையெழுத்தைப் பார்த்தார். கட்டத்தில் டிக் போட்டார்.

ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாக முடிந்தது என்றுதான் முதலில் செய்தி வந்தது. பிறகு காய்ச்சல் என்றார்கள். இதழ் அச்சாகிக் கட்டுக்கட்டாக எங்கள் மாடிக்கு வந்த வாரத்தில் தேவராஜ் பெங்களூரிலேயே இறந்துபோனான். வண்டியில் கொண்டுவந்தார்கள். அடக்கத்துக்கு நான் போனேன். ஸ்டெல்லாவின் முன்னால் போய் நிற்க முடியாமல், நாற்காலி எடுத்துப் போடுகிற மாதிரி அங்கேயும் இங்கேயும் நடந்துகொண்டிருந்தேன்.

இரண்டு நாளில் கட்டுகள் தபாலுக்குப் போக வேண்டும். சபையில் பாதி வீட்டுக்கு அந்த இதழ் போகும். ஸ்டெல்லா வீட்டுக்கும் போகும். புருஷனைப் புதைத்த வாரத்தில், அவன் வாசல்வரை நடந்து வந்து மண்டியிட்டதை அவள் தன் கையால் பிரித்துப் படிப்பாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் படித்துவிட்டு அவளிடம் வந்து கேட்பார்கள்.

டீச்சரிடம் சொன்னேன். மில் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் கொஞ்சம் சத்தமாகவே சொல்ல வேண்டியிருந்தது, அது இன்னும் கஷ்டம்.

"அவரு வீட்டுக்கு வரவே இல்லியா?" என்றார்.

"இல்லீங்க டீச்சர்."

"எட்டாம் பக்கத்துல வந்திருக்காரே."

"அது விசுவாசத்துல வந்ததுங்க."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். மேஜை நடுக்கத்தில் அது மெதுவாக நகர்ந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"திரு. பாக்கியநாதன் அவர்களே," என்றார். "வருவார்னு நம்புறதுக்குப் பேருதான் விசுவாசம். வந்தாருன்னு எழுதினா அதுக்கு வேற பேரு. ஆபரேஷன் முடிஞ்சிட்டுதான்னு கேட்டுட்டு நானும் விட்டுட்டேன், அந்தத் தப்பு என்னோடது. இப்ப சொல்லுதேன், அந்தப் பொண்ணு சொல்லாம ஒரு கட்டும் கீழ எறங்காது. நீங்க போய்க் கேளுங்க. நான் கூட வரமாட்டேன்."

ஜூஜுவாடிக்கு பஸ்ஸில் போனேன். வழி நெடுக என்ன சொல்வது என்று வரிசையாகத் திட்டமிட்டேன். ஸ்டெல்லா கதவைத் திறந்ததும் எல்லாம் மறந்துபோனது. எட்டாம் பக்கத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். அதை எடுக்காமலே வாயால் சொன்னேன்.

அவள் அழவில்லை. "எப்பண்ணா எழுதினீங்க?" என்றாள்.

"ஆபரேஷனுக்கு முன்னாடிம்மா."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. படிச்சுக் காட்டினேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. கேட்டுட்டு இன்னா சொன்னாரு?" என்றாள்.

அந்த இடத்தில் நான் ஏதாவது நல்லதாகச் சேர்த்திருக்கலாம். கட்டுரையில் பதினைந்து வரி சேர்த்தவன்தானே. வாய் வரவில்லை.

"‘நான் வரலன்னா’ன்னு கேட்டான்."

"நீங்க?"

"வாய மூடிக்கினு இருன்னேன்."

ஸ்டெல்லா என்னையே பார்த்தாள்.

"எங்கிட்ட அதக் கேக்கவே இல்லண்ணா," என்றாள். "நான் பயந்துடுவேன்னு நெனச்சிருப்பாரு. கேக்கறதுக்கு உங்களத்தான் வெச்சிருந்திருக்காரு."

என்னைத் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். எனக்கு மூன்று மொழியில் வாங்கிப் பழக்கம். இதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

"அந்தப் பக்கம் வேணாம்ணா," என்றாள் கடைசியில். "எடுத்துடச் சொல்லுங்க. செத்துட்டாருன்னு போடுங்க. அவ்ளோதான்."

ஏழாம் பக்கமும் எட்டாம் பக்கமும் ஒரே தாள். ஏழில் சானமாவுக் கவிஞரின் கவிதை. அவர் வாழ்க்கையில் நேரத்துக்கு வந்த ஒரே கவிதை அது. என்னால் அதுவும் சேர்ந்து வெட்டுப்பட வேண்டியதாயிற்று. தாளை ஓரத்தில் விரல் அகலம் விட்டு பிளேடால் வெட்டி, அந்த ஓரத்தில் பசை தடவி, புதிய தாளை ஒட்ட வேண்டும். புதிய தாளில் ஒரு பக்கம் அதே கவிதை. மறுபக்கம் தேவராஜ் இறந்த செய்தியை டீச்சர் எட்டு வரியில் எழுதினார். என்னை வாசிக்கச் சொன்னார். இரண்டு இடத்தில் நின்றேன். ஆறு வரி ஆனது.

எல்லாப் பிரதியையும் கையால் வெட்டினோம். கீழே மில்லில் கேட்டு வாங்கிய மைதாவில் நானே பசை காய்ச்சினேன். முதல் நாள் காய்ச்சியது கட்டி தட்டி, டீச்சர் அதைக் கொட்டச் சொன்னார். அந்த மாதம்தான் ‘கிணற்றடி’ முதன்முறையாகத் தாமதமாகப் போனது.

மூன்றாம் நாள், சனிக்கிழமை மதியம், ஸ்டெல்லா படியேறி வந்தாள். பாதி நாள் லீவு போட்டிருந்தாள்.

"எனக்கும் ஒரு பிளேடு குடுங்க டீச்சர்," என்றாள்.

டீச்சர் வேண்டாம் என்று சொல்லவில்லை. நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தார். தையல்காரி ஆதலால் அவள் கை எங்கள் இருவரையும்விட நேராகப் போயிற்று. பத்திருபது பிரதி வெட்டியிருப்பாள். அடுத்ததை எடுத்தவள் வெட்டாமல் பிரித்தாள். எட்டாம் பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தாள்.

நான் பசைக் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். என் எழுத்தை ஒருத்தர் படிப்பதை நான் நேரில் பார்த்தது அதுதான் முதல் தடவை. மெதுவாகப் படித்தாள். கடைசி வரிவரை படித்தாள்.

"அண்ணா," என்றாள். "அவரு இப்படிலாம் பேசவே மாட்டாரு. இது நீங்க சபையில ஜெபம் பண்ற மாதிரி இருக்குது."

"பின்ன எப்படிம்மா பேசுவான்?"

"ஊட்டுக்குள்ள கால் வெச்சதும் ‘தண்ணி வந்துச்சா’ன்னு கேப்பாரு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து வேலை உட்டு வந்தா மொதப் பேச்சு அதுதான். ஆஸ்பத்திரிலேர்ந்து நடந்து வந்திருந்தாலும் அதத்தான் கேட்டிருப்பாரு."

சொல்லிவிட்டு அந்தப் பிரதியை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். அடுத்ததை எடுத்து வெட்டினாள். கட்டுக்கு எத்தனை என்று ஒன்றுவிடாமல் எண்ணும் டீச்சர், அன்றைக்கு ஒன்று குறைந்ததைக் கேட்கவில்லை.

நாலு நாள் மாலை அவன் வீட்டில் நோட்டோடு உட்கார்ந்திருந்தேன். நாலு நாளும் நான்தான் பேசினேன். ஸ்டெல்லா வேலை முடிந்து வரும்வரை இருந்து, ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்த வரி கிடைத்திருக்கும். அவள் வந்தால் சமையல் நேரம் ஆகிவிடும், தொந்தரவு வேண்டாம் என்று சீக்கிரமே எழுந்து போய்விடுவேன். ஒழுங்கு என்றால் அதுதான் என்று நினைத்தேன்.

அந்த வரியைப் புதிய தாளில் போடலாமா என்று அப்போதே கேட்டேன். "இப்ப வேணாம்ணா" என்றாள். பிறகு டீச்சர் இருந்தவரை நான் அங்கே கட்டுக் கட்டினேன், வாசித்தேன், திக்கினேன். எழுதக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இந்த மலருக்காகப் போன வாரம் மறுபடியும் ஜூஜுவாடிக்குப் போனேன். ஸ்டெல்லாவுக்கு இப்போது பேத்தி இருக்கிறாள். எழுதிய வரை எல்லாவற்றையும் வாசித்துக் காட்டி, அந்த வரியைப் போடட்டுமா என்று கேட்டேன். பேத்திக்குத் தலை பின்னிக்கொண்டே யோசித்தாள்.

"போட்டுக்கோங்கண்ணா," என்றாள். "கூட எதுவும் சேக்காதீங்க."

சேர்க்கவில்லை.